பெர்லினிலிருந்து கயலுக்கு

பெர்லின்
ஜூலை மாதம், ஞாயிறு மாலை

அன்புள்ள கயல்,

உன் தம்பிக்கும் பெர்லினிலேயே படிக்க இடம் கிடைத்துவிட்டது என்று படித்ததும் இரண்டு முறை கத்தினேன். பக்கத்து அறைப் பெண் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். இனி நான் உனக்கு எழுதுவதில் பாதி அவனுக்கும்தான். படித்துக் காட்டு, என் புலம்பலை மட்டும் விட்டுவிட்டு.

ஊர் பழகிவிட்டதா என்று கேட்டிருந்தாய். ரயில் பழகிவிட்டது. மனிதர்கள் பாதி பழகிவிட்டார்கள். வீடு தேடுவது மட்டும் யாருக்கும் பழகாது போலிருக்கிறது. மாணவர் விடுதிக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம், அதனால் இன்றைக்கே பெயரைக் கொடுத்து வைக்கச் சொல். இல்லையென்றால் நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீட்டில் ஓர் அறை. 'வேகே' என்பார்கள். அங்கே உன்னைத் தேர்ந்தெடுப்பது வீட்டுக்காரர் அல்ல, ஏற்கெனவே குடியிருப்பவர்கள். வரிசையாக உட்கார்ந்துகொண்டு எப்போது தூங்குவாய், பாத்திரத்தை உடனே கழுவுவாயா என்று கேட்பார்கள். எனக்கு அது பெண் பார்க்கும் படலம் மாதிரியே இருந்தது. என்ன, தேநீர் அவர்கள் கொடுத்தார்கள்.

வீட்டைக் காட்டாமல், "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும்" என்று எவனாவது எழுதினால் பதிலே போட வேண்டாம். முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் போகக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம் என்று சட்டமே சொல்கிறது. இது அவனுக்கு முக்கியம். விசாவுக்காக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டிருப்பான், அதிலிருந்து மாதம் 992தான் கைக்கு வரும். முதல் மாதம் வாடகையும் முன்பணமும் சேர்ந்து வந்து நின்றால் திண்டாடிப் போவான். கையில் தனியாகக் கொஞ்சம் இருக்கட்டும்.

குடியேறிய 14 நாளுக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அன்மெல்டுங். அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். "அறை தருகிறேன், பதிவு மட்டும் செய்யாதே" என்று சொல்கிறவர்கள் இங்கே நிறைய, அந்த அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். பதிவு இருந்தால்தான் வரி எண் தபாலில் வரும், அது இருந்தால்தான் பகுதிநேர வேலையில் சம்பளக் கணக்கு ஒழுங்காக நடக்கும். பதிவுக்கு நேரம் வாங்குவதுதான் பெரும்பாடு. குடியிருக்கும் பேட்டை அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை, நகரத்தில் எதில் 'டெர்மின்' கிடைத்தாலும் போகலாம். காலையில் எழுந்ததும் இணையதளத்தைப் பார்க்கச் சொல், ரத்தான நேரங்கள் அப்போது அகப்படும்.

இன்னொன்று, இதை எனக்கு யாரும் முன்னமே சொல்லவில்லை. இங்கே பெரும்பாலான குடியிருப்புகளில் கதவெண் கிடையாது. தெரு, கட்டட எண், பெயர், அவ்வளவுதான். தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லையா, கடிதம் திரும்பிவிடும். வங்கி அட்டை, காப்பீட்டுத் தாள், வரி எண் எல்லாம் தபாலில் வருகிற நாட்டில் இது சின்ன விஷயமில்லை. என் பெயரை அந்தச் சின்னப் பட்டையில் எழுதி ஒட்டிய அன்றுதான் இந்த ஊர் என்னைக் கணக்கில் எடுத்துக்கொண்டது என்று தோன்றியது. முதலில் வந்தது என்னவோ வானொலி, தொலைக்காட்சிக் கட்டணத்துக்கான கடிதம்தான். தொலைக்காட்சி இருக்கிறதோ இல்லையோ வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. நல்லவேளை, வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும்.

எங்கள் வாசலுக்கு எதிரே நடைபாதையில் பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் பித்தளைக் கற்கள் பதித்திருக்கிறார்கள். நாஜிகள் அந்த வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போனவர்களின் பெயர், பிறந்த ஆண்டு, எந்த முகாம், என்ன ஆனார்கள் என்று பொறித்திருக்கிறது. குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கியது, பெர்லினில் முதல் கற்களை அவர் 1996இல் க்ரொய்ட்ஸ்பெர்க்கில் பதித்தார். இப்போது ஊர் முழுக்கக் காலில் படுகின்றன. பெயரை எழுதி வைப்பதில் இந்த ஊருக்கு இருக்கிற பிடிவாதத்தை நான் கேலி செய்துகொண்டிருந்தேன். அதே பதிவேடுகள் ஆட்களைத் தேடிப் பிடிக்கவும் உதவியிருக்கின்றன என்று தெரிந்த பிறகு கேலி நின்றுவிட்டது.

படிப்பைப் பற்றி அதிகமில்லை. அட்டவணையில் பத்து மணி என்று போட்டிருந்தாலும் பல வகுப்புகள் பத்தே காலுக்குத்தான் தொடங்கும், முடிந்ததும் கை தட்டாமல் மேசையைத் தட்டுவார்கள். அவன் இரண்டு வாரத்தில் பழகிவிடுவான்.

குளிர்காலத்தைச் சொல்லாமல் விட்டால் துரோகம். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் இருட்டு, ஞாயிறு என்றால் கடைகளும் மூடியிருக்கும். நான் அப்போது ரிங் ரயிலில் ஏறி உட்கார்ந்துவிடுவேன். நகரத்தின் நடுப்பகுதியை ஒரு சுற்று சுற்றிவர ஒரு மணி நேரம் ஆகும், எங்கும் போகாமல் எங்கோ போன மாதிரி இருக்கும். கோடையில் கதையே வேறு. ஒன்பதரை வரை வெளிச்சம். டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தை 2008இல் மூடி, 2010இல் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள். வீடு கட்ட அரசு நினைத்தபோது, 2014இல் மக்கள் வாக்களித்துத் தடுத்துவிட்டார்கள். அறைக்கு அலைந்தவள் என்ற முறையில் எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. ஆனால் ஓடுபாதையில் சைக்கிள் மிதிக்கும்போது அந்த வாதம் மறந்துவிடுகிறது!

புது அலுவலகத்தில் தனியாகச் சாப்பிடுகிறேன், யாரும் கூப்பிடுவதில்லை என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அப்படித்தான்டி. யாரும் தானாகக் கூப்பிட மாட்டார்கள் என்று தெரிய எனக்குக் குளிர்காலம் முழுக்கப் பிடித்தது. நானே ஒருத்தியிடம் "வியாழக்கிழமை ஆறு மணிக்கு வருகிறாயா?" என்று கேட்டேன். நாட்குறிப்பைப் பார்த்து, அடுத்த வியாழன் என்றாள். சொன்னபடி வந்தாள். இப்போது வியாழன்தோறும் நாலு பேர் ஆகிவிட்டோம். நீயும் நாளைக்கே யாரையாவது கேட்டுவிடு, காத்துக்கொண்டிருக்காதே.

தம்பியின் விமானம் எந்தக் கிழமை இறங்குகிறது என்று எழுது. சனி இரவு என்றால் ஞாயிற்றுக்கு வேண்டிய சாமான்களை நான் முன்னாலேயே வாங்கி வைத்துவிடுகிறேன். காப்பீட்டுச் சான்றையும் சேர்க்கைக் கடிதத்தையும் பெட்டியில் போடாமல் கையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
தேன்மொழி