ஏழு ஏழு ஏழு போடும் சேர்மாருக்கு

வன்னியில் பாடசாலைகளிலும் பயிற்சி நிலையங்களிலும் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் சேர்மாருக்கும் மிஸ்மாருக்கும்,

வணக்கம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கூப்பிட்ட இடங்களுக்குப் போய் லினக்ஸ் சர்வர் திருத்திக் கொடுக்கிற ஆள் நான். எதற்கெடுத்தாலும் கோப்புறைக்கு 777 என்ற அனுமதி எண்ணைப் போடுகிற பழக்கத்தைப் பற்றிக் குறை சொல்லத்தான் எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

போன வருடம் ஒரு பயிற்சி நிலையத்திலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். ஒட்டுசுட்டானிலிருந்து வெளிக்கிட்டு மாங்குளத்தில் பஸ் மாறி வந்து படிக்கிற ஒரு பிள்ளை. மூன்று கிழமையாகச் செய்த இணையப் பக்கங்களில் பாதி, ஒப்படைக்கிற அன்று காலையில் இல்லை. “நான் ஒண்டையும் அழிக்கேல்லை சேர்” என்று கண் கலங்க நின்றாள்.

டெர்மினலைத் திறந்து பார்த்தேன். மிஞ்சியிருந்த கோப்புகளின் அனுமதி 644. மூன்று இலக்கமும் முறையே சொந்தக்காரருக்கு, அவரின் குழுவுக்கு, மற்ற எல்லாருக்கும். அதாவது அவள் மட்டும்தான் எழுதலாம், மற்றவர்கள் வாசிக்கலாம். சரியான அனுமதிதான். ஆனால் அவை கிடந்த கோப்புறை 777, அதாவது யாரும் பார்க்கலாம், எழுதலாம், நுழையலாம். லினக்ஸில் ஒரு கோப்பை அழிக்க அந்தக் கோப்பில் எழுதும் அனுமதி தேவையே இல்லை. அது கிடக்கிற கோப்புறையில் எழுதவும் நுழையவும் முடிந்தால் போதும். பெட்டகத்தைப் பூட்டிவிட்டு அடியில் பலகையைக் கழற்றி வைத்த மாதிரி. பக்கத்துக் கதிரைத் தம்பி தன் பழைய பக்கங்களைத் துப்புரவாக்கும்போது கோப்புறை மாறிப் போய்விட்டான். அவனில் நான் பிழை சொல்ல மாட்டேன்.

அந்த 777 எப்படி வந்தது என்பதுதான் விசயம். அவர்கள் சர்வரை உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 22.04 பதிப்புக்கு மாற்றியிருந்தார்கள். உபுண்டு 21.04இலிருந்து புதிதாகத் திறக்கும் பயனரின் வீட்டுக் கோப்புறை, அதாவது அவரின் சொந்தக் கோப்புகள் இருக்கும் இடம், 755 ஆக இல்லாமல் 750 ஆகத்தான் உருவாகும். அப்பாச்சி என்ற வெப் சர்வரோ ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ டேட்டா’ என்ற வேறு பயனராக ஓடுகிறது. அதற்கு உள்ளே போக வழியில்லை. பிள்ளைகளின் பக்கத்தைத் திறந்தால் 403, அதாவது அனுமதி இல்லை, என்று வந்தது. பாடம் தொடங்க ஐந்து நிமிடம், யாரோ ஒருவர் எல்லாருடைய வீட்டுக் கோப்புறைகளும் இருக்கும் ஹோம் முழுவதுக்கும் உள்ளே உள்ளே போய் 777 போட்டுவிட்டார். பக்கம் வந்தது, எல்லாரும் கை தட்டியிருப்பார்கள். அன்றைக்கே, தூரத்திலிருந்து சர்வருக்குள் போகிற எஸ்எஸ்எச்சில் கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாவிக் கோப்பு வைத்து நுழைவதும் நின்றுவிட்டது. வீட்டுக் கோப்புறையில் கண்டவரும் எழுதலாம் என்றால் எஸ்எஸ்எச் அந்தச் சாவியை நம்பாது. அதையும் ‘சர்வர் பழுது’ என்று விட்டுவிட்டார்கள்.

தேவைப்பட்டது 711 மட்டும்தான். கோப்புறையில் 4 என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம், 2 என்றால் போடலாம் எடுக்கலாம், 1 என்றால் கடந்து போகலாம். எங்கள் வேலிகளில் கடப்பு வைப்போமே, அதுதான் இந்த 1. தெரிந்த இடத்துக்குப் போகிறவன் போவான், வளவை மேய முடியாது. வீட்டுக்கு 711, பக்கங்கள் இருக்கும் ‘பப்ளிக் எச்டிஎம்எல்’ கோப்புறைக்கு 755, கோப்புகளுக்கு 644. அந்தக் கோப்புறையை ‘ஸ்கெல்’ என்ற மாதிரிக் கோப்புறைக்குள் ஒருமுறை சரியான அனுமதியோடு செய்து வைத்தால், புதுப் பயனரைத் திறக்கும்போதே கூட வந்துவிடும்.

பிள்ளைகள் கோப்பு ஏற்றும் வழியான எஸ்எஃப்டிபியில் தங்கள் பெயரிலேயே ஏற்றினால் வெப் சர்வருக்கு எழுதும் அனுமதியே தேவையில்லை. சர்வரில் ஓடும் நிரல் மொழியான பிஎச்பியில் செய்த படிவம் வழியாக ஏற்றுவது வேறு கதை, அங்கே எழுதுவது அப்பாச்சிதான். அப்படியென்றால் ஏற்றுகிற கோப்புறையை ‘பப்ளிக் எச்டிஎம்எல்’லுக்கு வெளியே வையுங்கள். குழுவாக வெப் சர்வரின் குழுவைக் கொடுத்து 2770 போடுங்கள். முன்னால் இருக்கிற 2, உள்ளே வரும் புதுக் கோப்புகளையும் அதே குழுவில் சேர்க்கும். உள்ளே வைத்தால், படம் என்று ஏற்றிய பிஎச்பி கோப்பு ஒன்று உலாவியில் திறந்த உடனே ஓடத் தொடங்கும். வைத்தே ஆக வேண்டுமென்றால் அந்தக் கோப்புறையில் பிஎச்பி ஓடுவதை நிறுத்திவிடுங்கள்.

“போனில் எடுத்த படம் ஏறுதில்லை” என்ற முறைப்பாட்டுக்கும் 777 மருந்தில்லை. பிஎச்பியில் ஒரு கோப்பின் அளவு தொடக்கத்தில் 2 எம்பிதான், அதைக் கூட்டுங்கள். மொத்தப் படிவத்துக்கு இருக்கும் 8 எம்பி எல்லையையும் பாருங்கள்.

இன்னொன்று, கேட்கவே சங்கடமாக இருக்கிறது. வேறு சில இடங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பயனர், ஒரே கடவுச்சொல். அதுவும் வெண்பலகையின் மூலையில் ‘அழிக்க வேண்டாம்’ என்று கட்டம் போட்டு. இருபது பிள்ளைகளுக்கு இருபது கணக்குத் திறக்க ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் போதும்.

நேரமில்லை என்றால் சொல்லுங்கள், சனிக்கிழமைகளில் வந்து செய்து தருகிறேன். பஸ் காசும் வேண்டாம். அந்தப் பிள்ளையின் பக்கங்களில் எட்டைத்தான் அன்றைக்கு என்னால் மீட்க முடிந்தது. பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க்கும் அதே 777 கோப்புறைக்குள்தான் இணைக்கப்பட்டிருந்தது.

இப்படிக்கு,
கிளிநொச்சியிலிருந்து ஒரு சர்வர் திருத்துநர்