குழிகளுக்கு மன்னிப்பு, காலுறைக்கு நன்றி

மவுண்ட் பியர்ஸ் மலைப்பாதையில் மார்ச் கடைசிச் சனிக்கிழமை எங்களைக் கீழே கொண்டுவந்து சேர்த்த ஐயாவுக்கும் அம்மாவுக்கும்,

உங்கள் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. உங்களுக்குத் தமிழ் தெரியாது என்பதும் தெரியும். ஆங்கிலத்தில் ஒரு சீட்டு எழுதிவிட்டேன். ஆனாலும் தமிழில் எழுதினால்தான் எனக்கு மனம் ஆறும்.

பாஸ்டனில் அன்று வசந்தம் வந்ததைச் சொல்லும் குரோக்கஸ் பூ பூத்திருந்தது. அதை நம்பி நானும் தம்பியும் நியூ ஹாம்ப்ஷயருக்குக் கிளம்பினோம். 1819-இல் வெட்டிய கிராஃபோர்ட் பாதையில் 3 மைலுக்குச் சற்று அதிகமான ஏற்றம், பியர்ஸ் மலையுச்சி 4,310 அடி. "கொடைக்கானலை விடக் குட்டைதானே" என்றான் தம்பி. காலையில் பனி கல்லாக இறுகியிருந்தது. பூட்ஸுக்கு அடியில் முள் வைத்த மைக்ரோஸ்பைக்கை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று ஏறிவிட்டோம். பனியில் கால் புதையாமலிருக்க மாட்டும் அகலமான ஸ்னோஷூவை வாடகைக்கு எடுக்கச் சொன்ன கடைக்காரப் பெண்ணை மறுத்துவிட்டு வந்த என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வெயில் ஏறியதும் அதே பனி ஊறிய அவலாகிவிட்டது. குளிர்காலம் முழுக்கப் பலர் மிதித்து இறுக்கிய நடுவரப்பை விட்டு ஓரடி விலகினால் கால் தொடைவரை இறங்கியது. புதைந்து கிடந்த ஸ்புரூஸ் மரம் ஒன்றின் மேல் கால் வைத்த தம்பி இடுப்புவரை உள்ளே போய்விட்டான். முழங்கால் பிசகிவிட்டது, பூட்ஸுக்குள் தண்ணீர். செல்பேசியில் சிக்னல் இல்லை.

அம்மா, முதலில் நீங்கள் அவன் காலுறையைக் கழற்றிவிட்டு உங்கள் பையிலிருந்த உலர்ந்த கம்பளிக் காலுறையை மாட்டினீர்கள். பிறகு உங்கள் ஸ்னோஷூவையே கொடுத்தீர்கள். பிளாஸ்கில் இருந்தது தேநீர் என்று நினைத்தேன். வெந்நீரில் கரைத்த ஜெல்லி! அதைவிடச் சுவையானதை இந்த ஊரில் நான் குடித்ததில்லை.

ஐயா, நீங்கள் எங்களுக்குப் பின்னால் ஏன் அவ்வளவு மெதுவாக வந்தீர்கள் என்று வெகுநேரம் புரியவில்லை. திரும்பிப் பார்த்தால், நாங்கள் போட்ட குழிகளை ஒவ்வொன்றாக மிதித்து மூடிக்கொண்டிருந்தீர்கள். இரவில் உறைந்துவிட்டால் நாளைக்கு வருகிறவர் கணுக்கால் ஒடியும் என்றீர்கள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வெட்கியிருக்க மாட்டேன்.

மறுநாளே 25 டாலருக்கு மலையேறுகிறவர்களுக்கான ஹைக் சேஃப் அட்டை ஆளுக்கொன்று வாங்கினோம். அந்தப் பணம் மாநிலத்தின் மீட்புப் பணிக்குப் போகிறது. தம்பி நடக்கிறான், மாடிப்படியில் மட்டும் முனகுகிறான்.

காலுறையைத் துவைத்து, பாதை தொடங்கும் இடத்து விடுதியில் நீலப் பையில் வைத்திருக்கிறேன். சீட்டும் அதற்குள்தான். வாங்கியதை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் கூடவே கொஞ்சம் தட்டை. காரம் அதிகம், தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.