பாஸ் பெட்டி வேண்டாம்: ஒரு மைக்செட்காரனின் மடல்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள கல்லூரிகளின் கலைவிழாக் குழுவினருக்கு,

வணக்கம். உங்களில் பலருக்கு என் முகம் தெரியாது, முதுகு தெரிந்திருக்கும். மைதானத்தின் நடுவில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர்மேல் குனிந்து நிற்பவன். கோவில் கொடைக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டிய காலத்தில் அப்பாவோடு கம்பம் ஏறிப் பழகிய தொழில் இது. சத்தத்தின் மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. சோறு போடுவதே அதுதான்.

போன பிப்ரவரியில் நம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் விழா. பெயர் வேண்டாம். ராக் பேண்டில் பாடும் செல்லூர்த் தம்பி ஒருவன் வந்திருந்தான். தொண்டை கிழியப் பாடுவதில் பேர் வாங்கியவன், அன்றைக்கு ஒற்றைக் கிடாரோடு நின்றான். எட்டுப் பாட்டை அவனே எழுதி, வீட்டு மாடி அறையில் தனியாகப் பாடிப் பதிவு செய்து ஆல்பமாக வைத்திருந்தான். அவனை டிஜேக்கும் குழு நடனத்துக்கும் நடுவில், திறந்த மைதானத்தில் ஏற்றிவிட்டார்கள். இரண்டாம் பாட்டின் பாதியில் குழுவிலிருந்து ஒரு மாணவர் என்னிடம் ஓடி வந்தார். "அண்ணே, சத்தமே இல்ல, ஏத்துங்க." ஏற்றினேன். கிடார் ஊளையிட்டது, கூட்டம் சிரித்தது. "டிராக் ஏதாவது இருந்தா போடச் சொல்லுங்கண்ணே" என்று, முன்பே பதிந்த பின்னணி இசையைக் கேட்டு அடுத்த கோரிக்கை வருவதற்குள் தம்பி கிடாரை உறைக்குள் வைத்துவிட்டான்.

ஏற்றிய கை என்னுடையது. அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஊளை ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அக்கூஸ்டிக் கிடார் உள்ளே காலியான மரப்பெட்டி. நம் ஸ்பீக்கர் பெட்டிகளில் இருந்து வரும் சத்தம் அதற்குள் புகுந்து மேல்பலகையை அதிர வைக்கும். அந்த அதிர்வைக் கிடாரில் பொருத்திய பிக்கப், அதாவது மைக் மாதிரியான கருவி, பிடித்து மறுபடி பெட்டிக்கே அனுப்பும். சுற்றிச் சுற்றிப் பெருகினால் ஊளை. பாஸ் பெட்டியின் அடிச்சத்தம்தான் இதில் முதல் குற்றவாளி. எலெக்ட்ரிக் கிடார் பெரும்பாலும் கட்டை மரம், அதனால் அதற்கு இந்தத் தொல்லை குறைவு. ஆக, ஓரளவுக்கு மேல் ஏற்ற முடியாது. அது பாடுகிறவனின் பலவீனமில்லை.

அப்புறம் ஒருநாள் டீக்கடையில் அந்தத் தம்பி எனக்கு ஒரு கதை சொன்னான். அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், பெரிய அரங்கம் நிறைய ஆள் சேர்க்கும் பேண்டை வைத்துக்கொண்டே, 1982 ஜனவரியில் நியூ ஜெர்சியில் தன் வாடகை வீட்டு அறையில் தனியாக உட்கார்ந்து பாடியிருக்கிறார். சாதாரண கேசட்டில் குரல், கிடார் என்று நான்கு தடங்களைத் தனித்தனியாகப் பதியும் டியாக் மெஷின், இரண்டு மைக், அவ்வளவே. பேண்டுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கான மாதிரிதான் அது. கேசட்டை உறைகூட இல்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தாராம். பிறகு ஸ்டுடியோவில் பேண்டோடு அதே பாட்டுகளை வாசித்துப் பார்த்தால், கேசட்டில் இருந்த உயிர் வரவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டையே 'நெப்ராஸ்கா' என்று அந்த வருஷம் செப்டம்பரில் வெளியிட்டார்கள்.

என்னை உலுக்கியது அவர் பாடிய மைக்தான். ஷூர் எஸ்.எம். 57. என் பெட்டியில் நான்கு கிடக்கின்றன, டிரம்முக்கு வைப்பேன். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட ஒரு ஆளின் மூச்சைக் கேட்க அதை நான் வைத்ததில்லை.

பேண்டே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 'பார்ன் இன் த யு.எஸ்.ஏ.' என்ற பாட்டையும் அதே கேசட் நாட்களில்தான் அவர் தனியாகப் பாடிப் பதிந்தார். 1984இல் அதே பாட்டு பேண்டோடு இடியாக வந்தது. எதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

நமக்கு இது புதுசா என்ன? சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை ராத்திரியில் தல்லாகுளம் பக்கம் நின்றிருக்கிறீர்களா? அத்தனை இரைச்சலுக்கு நடுவில் ஒரு பெரியவர் அழகரைப் புகழும் வர்ணிப்புப் பாட்டைப் பாடுவார். சுற்றி ஐம்பது பேர் காதைக் கொடுத்து நிற்பார்கள். யாரும் "ஏத்துங்க" என்று சொல்லி நான் பார்த்ததில்லை. கேட்கவில்லை என்றால் கிட்டே போவார்கள்.

அந்தத் தம்பியின் ஆல்பத்தையும் கேட்டேன். மூன்றாம் பாட்டில் பின்னால் தறிச் சத்தம் விழுகிறது. நானாயிருந்தால் வெட்டியிருப்பேன். அவன் விட்டுவைத்திருக்கிறான். இரண்டாம் முறை கேட்டபோது எனக்கும் அது பிடித்துப்போனது.

இனிமேல் இப்படித் தனியாகப் பாடும் ஒருவரை அழைத்தால் மைதானத்தில் ஏற்றாதீர்கள். உங்கள் செமினார் ஹாலில், மதியம், நாற்பது நிமிஷம் கொடுங்கள். ராத்திரி 10 மணிக்குள் ஸ்பீக்கரை நிறுத்த வேண்டும் என்று நிகழ்ச்சியைக் குறைக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இவர்கள்தான், அந்தத் தொல்லையும் விட்டது. ஜெனரேட்டர் தேவைப்பட்டால் ஹாலுக்குப் பின்பக்கம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். இருநூறு பேருக்கு மேல் டோக்கன் கொடுக்காதீர்கள். பாடும்போது எவராவது "டிராக்" என்று கத்தினால், தயவுசெய்து என்னிடம் ஓடி வராமல் அவரிடம் போங்கள்.

இரண்டு மைக், ஒரு ஜோடி சின்னப் பெட்டி. வாடகை நீங்கள் வழக்கமாகத் தருவதில் பாதிகூட வராது, எனக்கு நஷ்டம்தான். சரி, பரவாயில்லை. ஹாலில் ஃபேனை நிறுத்தினால் புழுங்கும், ஓடவிட்டால் மைக்கில் காற்று இரையும். எத்தனை ஃபேன் ஓடலாம் என்பதை மட்டும் முந்தின நாளே வந்து பார்த்து முடிவு செய்துகொள்வோம்.

இப்படிக்கு,
மிக்சருக்கு முன்னால் நிற்கும் உங்கள் அண்ணன்