கொழுந்துக் காட்டில் எங்கே ஒதுங்குவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பாக்டீரியா தொற்றுகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கை கழுவுவது, தண்ணீரைக் கொதிக்க வைப்பது எல்லாம் சரிதான். ஆனால் சிறுநீர்த் தொற்றுக்கு வந்ததும் பெண்கள் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே. கோத்தகிரிப் பக்கம் தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், குடித்துவிட்டு எங்கே போவது என்று திருப்பிக் கேட்பார்கள்.

சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, இடுப்பைச் சுற்றிக் கட்டிய சாக்கு, மழையென்றால் அதற்கும் மேல் பிளாஸ்டிக் தாள், முதுகில் கொழுந்துப் பை. இத்தனையையும் அவிழ்த்து, சரிவில் ஒரு மறைவு தேடி, அங்கே கரடியோ காட்டெருமையோ நிற்கிறதா என்று பார்த்து, காலில் ஏறிய அட்டையைத் தட்டிவிட்டுத் திரும்பி வருவதற்குள் அன்றைக்கு எடுக்கிற கொழுந்தின் எடை குறைந்துவிடும். அதனால் பலரும் மத்தியானம் வரை தண்ணீரையே தொடுவதில்லை. எங்கள் குளிரில் தாகமும் அவ்வளவாக எடுக்காது.

கிருமிக்கு வேறென்ன வேண்டும்? ஈ.கோலை என்கிற பாக்டீரியா நம் குடலில் எப்போதும் இருக்கிற ஆள்தான், அங்கேயே இருக்கும்வரை பெரும்பாலும் வம்பில்லை. அது சிறுநீர்த் துவாரத்துக்கு இடம் மாறினால்தான் தொல்லை. பெண்களுக்குச் சிறுநீர்க்குழாயின் நீளம் சுமார் 4 செ.மீ.தான், ஆண்களுக்கோ 20 செ.மீ. வரை இருக்கும், அதனால் பெண்களுக்குச் சட்டென்று மேலே ஏறிவிடுகிறது. ஏறியதும், ஒட்டுப்புல் சேலையில் ஒட்டுகிற மாதிரி, தன் மேலிருக்கும் நுண்ணிய இழைகளால் சிறுநீர்ப்பையின் உட்சுவரைப் பிடித்துக்கொள்கிறது. தோதான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகக்கூடியது அது. அடிக்கடி சிறுநீர் கழித்தால் ஒட்டாததையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். மணிக்கணக்கில் அடக்கினால்? உள்ளேயே தேங்கிப் பெருகும், சுவர் வீங்கிச் சிவக்கும், அப்புறம்தான் அந்த எரிச்சலும் சொட்டுச் சொட்டாகப் போவதும்.

ஊட்டிக் குளிரிலும் இதற்கு எங்கள் ஊர்ப் பெயர் உடம்புச் சூடுதான்! வெந்தயம், சீரகத் தண்ணீர் என்று ஆரம்பிப்பார்கள். தண்ணீர் உள்ளே போகிற அளவுக்கு நல்லதுதான். கேட்காவிட்டால் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் நாலு மாத்திரை, எரிச்சல் நின்றதும் மீதியை டப்பாவில் போட்டு வைத்து அடுத்த முறைக்கு. எனக்கு இதுதான் பயமாக இருக்கிறது. அரைகுறையாக மாத்திரை போட்டால் தொற்று முழுதாக அடங்காமல் போகலாம், கண்டபடி போட்டுப் பழகினால் அந்த மருந்துக்குச் சாகாத கிருமிதான் மிஞ்சும். நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி என்றால் சிறுநீரகம் வரை போய்விட்டது என்று பொருள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகள் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது, குறைப்பிரசவத்தில் கொண்டுபோய் விடலாம்.

தோட்டங்களில் போதுமான கழிப்பறை வேண்டும் என்று 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் சொல்லிவிட்டது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில் கட்டிவிட்டுக் கணக்குக் காட்டுகிறார்கள், கொழுந்து எடுப்பதோ இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி. 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு தோட்டங்கள் பொதுவாக அந்தச் சட்டத்துக்குள்ளேயே வரவில்லை, நீலகிரியில் அப்படிப்பட்டவை ஏராளம்.

எடை போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு டிரம் தண்ணீர், உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தால் போதும். பறிப்பு அடுத்த காட்டுக்கு மாறினால் கழற்றி எடுத்துப் போகலாம். இதற்குத் தோட்ட நிர்வாகங்கள் என்ன பதில் சொல்கின்றன என்று உங்கள் நிருபரை அனுப்பிக் கேட்டு எழுதுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோத்தகிரி