புதியவருக்கு எங்கே தேடுவது என்று கற்றுக்கொடுங்கள்: மூத்த தேடுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மூத்த தேடுநர்களுக்கும் தேடுநர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தை ஒலி எழுப்பிக் காட்டும் மெட்டல் டிடெக்டர் என்ற கருவியை முதன்முதலாக வாங்கியவர் நம்மிடம் கேட்கும் முதல் கேள்வி, எங்கே போய்த் தேடுவது என்பதுதான். அவரவர் இடத்தை அவரவரே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி நம்மில் சிலர் ஒதுங்கிவிடுகிறோம். வேறு சிலர் இடிந்த கோட்டை, பழைய போர்க்களம், கைவிடப்பட்ட வழிபாட்டிடம் என்று கதை சொல்லி ஆசையைக் கிளப்பிவிடுகிறோம். முதல் பதிலைக் கேட்டவர் சில வாரங்களில் சலித்துக் கருவியைப் பரணில் போட்டுவிடுவார். இரண்டாவதைக் கேட்டவர் சட்டத்தின் பிடியில் சிக்கக்கூடும். நீங்கள் பாடுபட்டுக் கண்டுபிடித்த இடங்களை வெளியிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பொறுமையாகக் கற்றுக்கொடுங்கள் என்றே கேட்கிறேன்.

இடத்தைக் காப்பதற்குத் தக்க காரணம் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். இங்கிலாந்தின் வான்பரோ என்ற ஊரில் ரோமானியர் காலத்துக் கோயில் ஒன்று இருந்த செய்தி 1980-களில் பரவியதும், கொள்ளையர் அந்த நிலத்தைத் தோண்டிச் சிதைத்தார்கள். அந்த நாட்டில் 1996-இல் புதையல் சட்டம் பிறப்பதற்கு அந்தக் கொள்ளையும் ஒரு காரணமாயிற்று. ஆகவே புதியவருக்கு முதலில் புரிய வைக்க வேண்டியது, எந்த இடத்தில் கால் வைக்கவே கூடாது என்பதுதான். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் தலங்கள், கல்லறைகள், வெடிக்காத குண்டுகள் புதைந்திருக்கக்கூடிய போர்க்களங்கள் ஆகியவை எவ்வளவு ஆசை காட்டினாலும் விலக்கப்பட வேண்டியவை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பொது நிலமாக இருப்பதாலேயே ஓரிடத்தில் தேட அனுமதி உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் டிடெக்டரால் தேடுவதே குற்றம்.

விலக்க வேண்டியவற்றை விலக்கிய பிறகு, தொடங்குவதற்கு ஏற்ற இடம் எது என்ற கேள்விக்கு என் பதில், மிகச் சாதாரணமான இடம் என்பதே. தன் வீட்டுத் தோட்டமோ நண்பரின் தோட்டமோ போதும். கருவியின் ஒலிகளைக் காது பழகுவதற்கு அங்கே கிடைக்கும் ஆணியும் மூடியும் உதவுவதுபோல் வேறெதுவும் உதவாது. குளிர்பான டின்னைத் திறக்க இழுக்கும் அலுமினிய வளையமும் தங்க மோதிரமும் பல கருவிகளில் ஏறத்தாழ ஒரே ஒலியைத் தரும். அந்த வளையங்களுக்குச் சலித்துப்போய் அவற்றின் ஒலியை அடக்கி வைத்தால் மோதிரமும் சேர்ந்து நழுவிவிடும்.

அடுத்ததாக, தேட அனுமதியுள்ள கடற்கரைகளின் உலர்ந்த மணலைப் பரிந்துரைக்கிறேன். தோண்டுவது எளிது, குழியை மூடுவது அதைவிட எளிது. மக்கள் துணி விரித்து அமரும் பகுதியிலும், கடலுக்கு இறங்கும் படிகளின் அடியிலும், புயலுக்குப் பின் மணல் அரிக்கப்பட்ட விளிம்பிலும் நாணயங்கள் தங்கியிருக்கும். ஆனால் உப்புநீர் ஊறிய ஈர மணலுக்கு, ஒற்றை அலைவெண்ணில் இயங்கும் எளிய கருவியோடு போனால், எதுவுமே இல்லாத இடத்தில்கூட அது ஓயாமல் கத்தும். விவரம் தெரியாதவர் கருவி பழுதென்று முடிவு கட்டிவிடுவார். இதை முன்கூட்டியே சொல்லிவிட நமக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

இவற்றுக்குப் பிறகே வயலும் பழைய குடியிருப்பும். பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தோடு ஒப்பிட்டு, மறைந்துபோன ஒற்றையடிப் பாதையையும் சந்தை கூடிய திடலையும் ஆற்றைக் கடந்த துறையையும் கண்டறியும் திறனே ஒரு தேடுநரின் உண்மையான சொத்து என்பது என் எண்ணம். மனிதர்கள் நின்ற இடத்தில், அமர்ந்த நிழலில், பணம் கைமாறிய இடத்தில்தான் பொருள்கள் விழுகின்றன. இடிந்த வீட்டைச் சுற்றி ஆணிகள் நெருக்கமாகக் கிடப்பதால், அவற்றின் ஒலியில் நல்ல பொருளின் ஒலி அமுங்கிப்போகும். அங்கே கருவியின் முனையில், நிலத்தின்மேல் வீசிச் செல்லும் தட்டையான சுருளாகச் சிறியதைப் பொருத்தி மெதுவாக வீசினால்தான் பயன். இந்த நுணுக்கங்களைப் புதியவர் தனியாகக் கற்கப் பல காலம் பிடிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நிலத்தின் உரிமையாளரிடம் போய்ப் பேசும் துணிவை அவர்களுக்குக் கொடுங்கள். 1992-இல் இங்கிலாந்தின் ஹாக்ஸன் கிராமத்தில், உழவர் ஒருவர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடித் தரப் போன எரிக் லாஸ் என்பவர் ரோமானியர் காலப் புதையலைக் கண்டார். கொஞ்சம் எடுத்ததும் தோண்டுவதை நிறுத்திவிட்டு அவர் தகவல் தெரிவித்தார். தொல்லியலாளர்கள் வந்து, ஏறத்தாழ 15,000 நாணயங்களைக் கொண்ட அந்தப் புதையலை முறைப்படி அகழ்ந்தெடுத்தார்கள். அந்த வயல் அவருக்குத் திறந்தது அதை உழுதவரோடு இருந்த நல்லுறவால்தான். தொலைந்த பொருளைத் தேடித் தருகிறேன், குழிகளை மூடுகிறேன், குப்பையை அள்ளிச் செல்கிறேன், கிடைப்பதை உங்களிடம் காட்டாமல் எடுத்துச் செல்ல மாட்டேன் என்று நேரில் சொல்பவரை எல்லோருமே விரட்டிவிடுவதில்லை.

எனவே சங்கங்கள் தத்தம் அளவில் சிலவற்றைச் செய்ய வேண்டுகிறேன். எழுத்து மூலம் அனுமதி பெற்ற ஒரு வயலுக்குப் புதியவர்களை அழைத்துச் சென்று, மூத்தவர் ஒருவர் அருகில் நின்று வழிகாட்டட்டும். அனுமதிக் கடிதத்தின் மாதிரி ஒன்றும், உங்கள் பகுதியில் தடைசெய்யப்பட்ட இடங்களின் பட்டியலும், கண்டெடுத்ததை எந்த அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற விவரமும் ஒரே தாளில் அச்சிடப்பட்டு, உறுப்பினராகச் சேரும் அன்றே அவர்கள் கையில் கொடுக்கப்படட்டும்.

இப்படிக்கு,
உங்களைப் போல் நிலத்தை நேசிக்கும் ஒரு தேடுநர்