தீபாவளிக்கு முன் பெயிண்ட் வேண்டாம், சேகர்

ராமேஸ்வரம்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று தம்பி சொன்னான், சந்தோஷம். ரொம்ப நாளாக எழுதாதவன் இப்போது அவசரமாக எழுதக் காரணம், நாகப்பட்டினத்தில் உன் கடை காம்ப்ளெக்ஸுக்குத் தீபாவளிக்குள் பெயிண்ட் அடிக்கப் போகிறாய் என்று கேள்விப்பட்டதுதான். அதுவும் கருநீலமாமே! காலேஜில் சட்டை எடுத்த அதே ரசனை. மாறவே மாட்டாயாடா நீ?

அடிக்காதே என்று சொல்லவில்லை. கட்டாயம் அடிக்கத்தான் வேண்டும். 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்து ரயில் மறுபடி தீவுக்குள் வந்ததிலிருந்து, விடியற்காலையில் பெட்டியும் கையுமாக லாட்ஜ் தேடும் குடும்பங்களைப் பார்க்கிறேன். போன வருஷக் கோடையில் ஒரு குடும்பம் எங்கள் லாட்ஜ் வாசலுக்கு எதிரே நின்றது. அந்த அம்மா வாடகைகூடக் கேட்கவில்லை. நிமிர்ந்து, இரண்டாம் மாடி சன்ஷேடுக்குக் கீழே கறுப்பாக வழிந்திருந்த கறையைப் பார்த்தார். "வெளியவே இப்படின்னா பாத்ரூம் எப்படி இருக்கும்?" என்று தன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அடுத்த லாட்ஜுக்குப் போய்விட்டார். அத்தனை பாத்ரூமிலும் புது டைல்ஸ் போட்டிருக்கிறோம் சேகர்! அதைக் காட்டக்கூட வழியில்லாமல் போனது.

அந்தக் கறை எப்படி வந்தது தெரியுமா? முன்னால் வேலை எடுத்த கான்ட்ராக்டர் பாசியைக் கழுவாமல் அதன் மேலேயே இரண்டு கோட் இழுத்துவிட்டுப் போயிருந்தார். ஒரே மழைக்காலத்தில் பாசி மேலே வந்துவிட்டது. உப்பு பூத்த இடமெல்லாம் பெயிண்ட் அப்பளம்போல உப்பி உரிந்தது.

இந்த முறை தை அமாவாசைக் கூட்டம் கலைந்த கையோடு வேலையைத் தொடங்கினோம். மேஸ்திரி முதல் நாள் டப்பாவையே திறக்கவில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துக் காட்டினார். கை முழுக்க வெள்ளைப் பொடி. வெயிலில் பெயிண்டின் பசை செத்துவிட்டால் இப்படித்தான் மாவாகக் கொட்டுமாம், அதன்மேல் எதை அடித்தாலும் பிடிக்காதாம். அப்புறம் சன்ஷேடு அடியில் விரலை ஓட்டினார். தண்ணீர் சொட்டி விழ விளிம்பில் ஒரு காடி, நீளமாகச் சின்னப் பள்ளம், விட்டிருப்பார்களே, அது பழைய பெயிண்டில் அடைபட்டுக் கிடந்தது. மழைத் தண்ணீர் கீழே சொட்டாமல் உள்பக்கமாக ஓடிச் சுவரில் வழிந்தது அதனால்தான். காடியைச் சுரண்டித் திறந்தார். ஏசித் தண்ணீரைக் குழாய் போட்டு இறக்கினோம், பெயர்ப்பலகைக்குத் துளைத்த ஓட்டைகளை அடைத்தோம். பாசி மருந்து, பிரஷர் வாஷ், நன்றாகக் காயவிட்டு விரிசலைக் கீறி அடைப்பது, பிரைமர் எல்லாம் முடிந்த பிறகுதான் எமல்ஷன் பெயிண்ட். சாரத்தைப் பிரித்த அன்று ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். அத்தனை சந்தோஷம்டா!

இப்போது உன் விஷயம். ஐப்பசி மழை உனக்குத் தெரியாதா? அக்டோபரில் பிடித்தால் டிசம்பர் வரை உங்கள் ஊர்ச் சுவர் காயாது. ஈரத்தை உள்ளே வைத்து மூடினால், அது உப்பையும் இழுத்துக்கொண்டு பெயிண்டைத் தள்ளித்தான் வெளியே வரும். தீபாவளி வியாபாரத்துக்கு முகப்பைக் கழுவு, ஷட்டருக்கு எனாமல் அடி, பழைய போஸ்டர்களைச் சுரண்டி எடு. இப்போதைக்கு அது போதும். சுவரை மாசியில் பார்க்கலாம். கருநீலம் மட்டும் வேண்டவே வேண்டாம். சூட்டை இழுக்கும், கொஞ்சம் உப்பு பூத்தாலும் வெள்ளைத் திட்டாகக் காட்டிக்கொடுக்கும். சந்தன நிறம் அடி. நீலம் இல்லாமல் உனக்குத் தூக்கம் வராது என்றால் பெயர்ப்பலகைக்குக் கீழே ஒரு பட்டை விட்டுக்கொள்.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. சாரத்தில் ஏறும் ஒவ்வொருவருக்கும் பெல்ட் கொடு. அதற்காகச் செலவு கூடினால் கூடட்டும். நம் தெருவில் அன்றைக்கு விழுந்த பையனைத் தூக்கியது நாம் இரண்டு பேரும்தான்.

வடக்குச் சுவரையும் சன்ஷேடு அடியையும் கிட்டே போய் போட்டோ எடுத்து அனுப்பு. மேஸ்திரியிடம் காட்டிவிட்டு, மாசியில் நாகைக்கு வர முடியுமா என்றும் கேட்டு வைக்கிறேன். அதுவரை எவனுக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராஜா