மலைச் சதுப்புக்கு ஏக்கர் கணக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் 20 ஈரநிலங்களோடு நாட்டிலேயே தமிழ்நாடுதான் முதலிடம் என்கிறோம். எங்கள் கோத்தகிரி லாங்வுட் சோலையும் அதில் ஒன்று, மகிழ்ச்சிதான். ஆனால் அது காப்புக்காடு. அதற்கு வெளியே, பட்டாவிலும் புறம்போக்கிலும் கிடக்கும் சின்னச் சின்னச் சதுப்புகளைக் கேட்க நாதியில்லை.

2010-ல் வந்த ஈரநில விதிகள் 2,500 மீட்டர் உயரத்துக்கு மேல் என்றால் 5 ஹெக்டேர், கீழே என்றால் 500 ஹெக்டேர் என வரம்பு வைத்தன. அதற்கும் சிறியது என்றால் மத்திய ஈரநில ஆணையமே பார்த்துச் சேர்க்க வேண்டும். ஊட்டியே சுமார் 2,240 மீட்டர்தான். 500 ஹெக்டேர் என்பது 1,200 ஏக்கருக்கு மேல். இந்த மலையில் அவ்வளவு பெரிய சதுப்புக்கு எங்கே போவது? 2017-ல் அந்த விதிகளையும் மாற்றி, அந்த மத்திய ஆணையத்தை எடுத்துவிட்டு, பொறுப்பை மாநிலங்களிடம் தள்ளினார்கள். குடிநீர், பாசனம், பொழுதுபோக்குக்கென மனிதர் உருவாக்கிய நீர்நிலைகளுக்கு விலக்கும் கொடுத்தார்கள். பிரிட்டிஷ் அதிகாரி சல்லிவன் அமைத்த ஊட்டி ஏரியும், 1863-ல் இன்னொரு பிரிட்டிஷ் அதிகாரி லெவிஞ் உருவாக்கிய கொடைக்கானல் ஏரியும் இதில் எந்தப் பக்கம் என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். உச்ச நீதிமன்றம் காக்கச் சொன்ன 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஈரநிலங்களின் பட்டியலும் 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவற்றுக்குத்தான். எங்கள் பள்ளங்களில் இருப்பதோ அரை ஏக்கர், ஒரு ஏக்கர்.

அவை காணாமல் போகும் விதம் இங்கே எல்லோருக்கும் தெரியும். மேலே காட்டேஜ் கட்டச் சரிவை வெட்டுகிறார்கள். வெட்டிய செம்மண்ணை எங்காவது கொட்ட வேண்டுமே? ராத்திரியில் டிப்பர் வந்து பள்ளத்துச் சதுப்பில் கொட்டிவிட்டுப் போகும். அடுத்த மழைக்குள் அங்கே கேரட் பாத்தி. பிறகு ‘வியூ உள்ள மனை’ என்று போர்டு. பங்குனி வெயிலிலும் ஓடைக்குக் கசிந்துகொண்டிருந்த நீர் நின்ற பிறகுதான் கீழூர்க்காரர்கள் குடத்தோடு லாரிக்குக் காத்திருப்பார்கள்.

இப்படி மூடப்படும் சதுப்பின் கரிய மண் லேசுப்பட்டதல்ல. நீலகிரிச் சதுப்பு மண்ணைத் தோண்டி ஆராய்ந்தவர்கள் 20,000 ஆண்டுப் பருவநிலை வரலாற்றை அதில் படித்திருக்கிறார்கள். நீலகிரிப் பழங்குடிகளான தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேயும் புல்லும் சதுப்பில்தான் வளர்கிறது. அதைத் தேடி இப்போது எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று அவர்கள் குடியிருப்பான மந்தில் கேட்டுப் பாருங்கள்.

2017 விதிகளில் ஒரு நல்லது, பரப்பளவு வரம்பு இல்லை. மாநில அரசு நினைத்தால் அரை ஏக்கரையும் அறிவிக்கலாம். அறிவித்துவிட்டால் 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் எழுப்ப முடியாது. நீலகிரியிலும் பழனி மலையிலும் கிராமவாரியாக, சர்வே எண்ணோடு சதுப்புகளைக் கணக்கெடுத்து மாநில ஈரநில ஆணையத்துக்கு அனுப்ப மாவட்ட நிர்வாகங்கள் முன்வர வேண்டும். அதுவரை, பொக்லைனுக்கு அனுமதி தரும்போதே வெட்டும் மண்ணை எந்த சர்வே எண்ணில் கொட்டப்போகிறார்கள் என்பதையும் எழுதி வாங்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி.